தங்கை முகத்தில் வந்த நிறம்

முகத்தைப் பார்த்தே ஒருவர் எத்தனை மணிக்குத் தூங்கினார், என்ன சோப்புப் போட்டார் என்பதுவரை சொல்லிவிடுவாள் என்று தெருவில் அவளுக்குப் பெயர். வீட்டின் முன்னறையில் இரண்டு நாற்காலியும் ஒரு நீளக் கண்ணாடியும் போட்டுப் பத்து வருஷமாக அழகு நிலையம் நடத்துகிறாள். எல்லோருக்கும் அவள் பார்லர் அக்கா. உண்மையில் அக்கா என்று கூப்பிட உரிமையுள்ளவள் ஒருத்திதான்: அச்சகத்தில் புத்தகம் தைக்கும் தங்கை. தங்கையின் கணவன் லாரியோடு மாதக்கணக்கில் வெளியூரில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“என்னடி, முகத்துல களையே இல்ல?”

“ஒரே அசதிக்கா. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது.”

“வேலை வேலைன்னு ஓடினா அப்படித்தான். இரு.” அலமாரியிலிருந்து முகத்தில் தடவும் புது சீரம் புட்டி ஒன்றை எடுத்தாள். அதிமதுரம், மஞ்சிட்டி, ரோஜா. ஆயுர்வேத முறையில் செய்தது, மென்மையானது. “தினம் படுக்கும்போது மூணு சொட்டு. ஒரே மாசத்துல முகம் பளிச்சுன்னு ஆயிடும், பாரு.”

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிடவே, புட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வாராவாரம் வந்தாள். வாராவாரம் நிறம் ஒரு படி கூடியிருந்தது. மூன்றாம் வாரம் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கையை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். “என் கூடப்பிறந்தவ. மாநிறம். இப்ப பாருங்க!” அலமாரியில் இருந்த புட்டிகள் அன்றே தீர்ந்தன. தங்கை சிரித்தபடி நின்றாள், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு. அதையும் அக்கா பார்க்கத்தான் செய்தாள்.

நான்காம் வாரம் அச்சகத்திலிருந்து ஃபோன். புத்தகக் கட்டு ஒன்றைத் தூக்கும்போது தங்கை மயங்கி விழுந்துவிட்டாளாம்.

மருத்துவமனையில் டாக்டர் தங்கையின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே காகிதம் மாதிரி வெள்ளை.

“உடம்புல பாதி ரத்தம்கூட இல்ல. கர்ப்பப்பையில கட்டி. பல மாசமா ரத்தம் போயிருக்கு. முகமே இப்படி வெளுத்துக் கெடக்கே, யாரும் கவனிக்கலையா?”

பார்லர் அக்கா குனிந்து தங்கையின் மறு இமையையும் இழுத்துப் பார்த்தாள்.

ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள். “ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“அன்னைக்கு சொல்லத்தான்க்கா வந்தேன். அப்புறம் நீ அவ்வளவு சந்தோஷமா எல்லார்கிட்டயும் காட்டிட்டிருந்த. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பின்னறையில் மெத்தை விரித்து, ஒரு மாதம் கடை இல்லை என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டு, அவள் தங்கையை அழைத்துவரப் போனாள். அங்கே தங்கையின் நாத்தனார் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் அண்ணி வீட்லயே இருந்துக்கறேன்க்கா. உனக்கு வேலை கெடும்.”

“கடையை மூடிட்டேன்டி.”

“பரவால்லக்கா.”

தங்கை செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும்போது நாத்தனார் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “போன மாசமே டாக்டர்கிட்ட போலாம்னு கூப்பிட்டேங்க. ‘அக்கா என் முகத்தைப் பாத்துட்டு மருந்து குடுத்திருக்கா, அவளுக்குத் தெரியாததா’ன்னுட்டா.”

அக்கா பையை வாங்கி வாசல்வரை சுமந்துபோய் ஆட்டோவில் வைத்தாள். ஒரு தடவை தங்கையின் முகத்தைப் பார்க்க நினைத்துக் குனிந்தாள். தங்கை நாத்தனார் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.