வெறும் வயிறு

"சுருளிவேல்" என்று நர்ஸ் ஆரோக்கியம்மாள் கூப்பிட்டதும் மனிதர் வழக்கம்போல வெடுக்கென்று பெஞ்சை விட்டு எழுந்தார். எதையும் மெதுவாகச் செய்து அறியாத உடம்பு அது. நின்றது ஒரு நொடிதான். முழங்கால் இரண்டும் மடங்கி, பாதி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மூக்காயியின் மடியிலும் பாதி சிமெண்டுத் தரையிலுமாக விழுந்துவிட்டார். கறுத்த முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, அதுவும் சில்லிட்ட வேர்வை. கட்டி வந்த நாளிலிருந்து புருஷன் பேரை மூக்காயி வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த நேரத்தில்கூட அது நாக்கில் ஏறவில்லை. "இந்தாங்க... இந்தாங்க..." என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். ஆத்தூரில் நாலு வயல் தள்ளி நின்றாலும் அந்த ஒரு கூப்பாட்டுக்குத் திரும்புகிற மனிதர், திண்டுக்கல் ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்பவில்லை.

நாலு பேர் சேர்ந்து உள்ளே தூக்கிப் போனார்கள். டாக்டர் ஞானதாஸ் அவர் புஜத்தில் பட்டையைச் சுற்றி, ரப்பர்ப் பந்தை அழுத்தி அழுத்திக் காற்றடித்தார். கண்ணாடிக் குழாயில் ஏறிய பாதரசம் இறங்கத் தொடங்கியது. மற்ற நாளெல்லாம் அது உச்சியில் இருக்கும்போதே டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிடுவார். இன்றைக்கு அது பாதிக் குழாயைத் தாண்டி, அதற்கும் கீழே இறங்கியும் அவர் அசையவில்லை. மூக்காயிக்கு எண் படிக்கத் தெரியாது, ஆனால் முகம் படிக்கத் தெரியும். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் அடுக்கி உயர்த்தச் சொன்னார். ஊசி போட்டார். தலைமாடு பள்ளமும் கால்மாடு மேடுமாகப் புருஷன் கிடந்தார். உயிரோடு இருக்கிற ஆளை யாராவது இப்படிக் கிடத்துவார்களா?

எல்லாம் இந்த ரத்தக் கொதிப்பு வந்ததிலிருந்துதான். பொங்கல் கழிந்து தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது பிடரி வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தவரை இங்கே கூட்டி வந்தாள். டாக்டர் சீமையிலிருந்து புதுசாக வந்த மாத்திரை என்று ஒரு டப்பாவைக் கொடுத்து, காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு எதையும் சாப்பிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். மூக்காயி அதைச் சாமி வாக்காகத்தான் எடுத்துக்கொண்டாள். வேளை வருமுன் ஒரு பருக்கை சோறு உள்ளே போக விட்டதில்லை. கூழ் மட்டும்தான் கொடுத்தாள். கூழைச் சாப்பிடுகிறதா என்ன? குடிக்கிறதுதானே. ரத்தமோ கொதிக்கிற ரத்தம், சீமை மாத்திரையோ சூடு. இரண்டும் சேர்ந்தால் குடல் வெந்துபோகாதா? கம்மங்கூழ் குளிர்ச்சி. ஒரு செம்பு நிறைய மோர் விட்டுக் கரைத்துக் குடிக்க வைத்து, கையோடு மாத்திரையைக் கொடுத்துவிடுவாள். அப்படியும் கொதிப்பு இறங்கவில்லை. ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. வெறும் வயிற்றில்தானே போடுகிறார் என்று ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார். ஆமாம் என்பாள். அதில் ஒரு துளிகூடப் பொய் கிடையாது, பாவம்.

இன்றைக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்கிற நாள். மாத்திரை போட ஒரு மடக்குத் தண்ணீர், அதைத் தவிர எதையும் குடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். குடிக்கக் கூடாது என்றால் கூழும் கூடாதுதானே. கூழ்ப்பானையைத் தட்டுப் போட்டு மூடிவிட்டு, மூன்று மாத்திரையையும் கொடுத்து முதல் பஸ்ஸில் கூட்டி வந்தாள். கண் இருட்டுகிறது என்று வழியில் ஒரு தடவை சொன்னார். பசியாக இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். கூட ஒன்றிரண்டு மாத்திரை கொடுத்தாயா என்று கேட்டார். பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள்.

"ரெண்டு மாசமா இதே மூணுதான். ஒருநாளும் ஆகாதது இன்னைக்கு மட்டும் ஏன் ஆகணும்?" என்றார் டாக்டர்.

அவளுக்கு என்ன தெரியும்? தினமும் வெறும் வயிறுதானே என்று மறுபடி கேட்டார். தலை தானாக ஆடியது. ஆனால் நெஞ்சுக்குள் என்னவோ நெருடிற்று. இன்றைக்கு மட்டும் என்ன மாறியது? மூடி வைத்த பானை கண்ணுக்குள் வந்து நின்றது. சே, கூழ் கொடுக்காததும் ஒரு குற்றமா என்று அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அது நகரவில்லை.

ஆரோக்கியம்மாள் பிறந்தது ஆத்தூருக்குப் பக்கத்துச் சித்தையன்கோட்டை; அந்தப் பக்கத்து வழக்கமெல்லாம் தெரிந்தவள். சுருளிவேலின் பாதங்களைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"ஏத்தா, தெனம் விடியக்கால என்ன குடிப்பாரு?"

என்ன குடிப்பார்! இத்தனை மாதமாக யாரும் இப்படிக் கேட்டதில்லை. சொன்னால், தாலி கட்டியவனை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தவள் இவள்தான் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் நாளைக்கும் அதே மூன்று மாத்திரை.

"கூழுங்க" என்றாள். "ஒரு செம்பு. அதுக்கு மேலதான் மாத்திரை. இன்னைக்கு மட்டுந்தான் குடுக்கல."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடப் போகிறார் என்று மூக்காயி தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் குரல் எழும்பவே இல்லை.

"வயித்துல கூழு கெடந்தா மாத்திரை சரியா ரத்தத்துல சேராதும்மா. கொஞ்சந்தான் சேந்திருக்கு. அது தெரியாம நான் பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போயிருக்கேன். இன்னைக்கு மூணும் மொத்தமா சேந்துடுச்சு."

குடித்தாரா என்று ஒரு நாளாவது தான் கேட்டிருக்க வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். நாளைக்கு மாத்திரையே வேண்டாம். அப்புறம் ஒன்றே ஒன்று, நிஜமான வெறும் வயிற்றில். ஆனாலும் இந்த மருந்து உடம்பில் இருக்கிற வரைக்கும் வெடுக்கென்று எழுந்தால் திரும்பவும் விழுவார், தலையில் அடிபட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். எழுந்திருப்பதற்குக்கூட ஒரு மனுஷன் பயப்பட வேண்டுமா? வேலிக்குள்ளே மாடு நுழைந்தால் துள்ளி எழுகிற ஆளை அவள் எந்தக் கயிறு போட்டுக் கட்டுவது? மாத்திரை கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் நாலு மணிக்குச் செங்கல்லை எடுத்தார்கள். சுருளிவேல் கண் விழித்து வெகுநேரம் ஆகியிருந்தது. முதலில் சாய்ந்து உட்கார வைத்தார்கள், பிறகு காலைத் தொங்கப்போடச் சொன்னார்கள். மூக்காயி எதிரே நின்று அவருடைய இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் துள்ளவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"எந்திரிக்கவா?"

காடு வாங்கியதிலிருந்து மகளைக் கட்டிக்கொடுத்தது வரை எதற்கும் அவளிடம் உத்தரவு கேட்டவரில்லை அவர். மூக்காயி குனிந்து அவர் காலைத்தான் பார்த்தாள். வெடித்த பாதம் இரண்டும் தரையை மெல்லத் தடவித் தேடின. பெருவிரல் நகங்கள் வெளுக்க அவை ஊன்றிக்கொண்டன. அவருடைய கனம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கைக்கு வந்துகொண்டிருந்தது.