நீலத்தின் மேல் ஒரு மான்

காற்றடைத்து நிறுத்தும் பிளாஸ்டிக் நீச்சல் குளத்தை ஈரத்தோடு மடித்து வைத்தால் என்ன ஆகும் என்று கார்லாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போன வருடம் அவள் தம்பி வேட், "காஞ்சிருச்சு, காஞ்சிருச்சு" என்று சுருட்டிக் கொட்டகையில் திணித்தான். வசந்தத்தில் பிரித்தால் ஒரே கறுப்புப் பூஞ்சை. மடிப்பு மடிப்போடு ஒட்டி, இழுத்த இழுப்பில் கிழிந்து, குப்பைக்குப் போனது.

இந்தக் கோடையில் வாங்கிய புதிய குளத்தில்தான் அவள் மகள் ஜூனி முதன்முதலாகத் தண்ணீருக்குள் முகத்தை வைத்தாள். ஏரியைக் கண்டால் இன்னும் அலறுகிறாள். "அடுத்த கோடையில இதுலயே நீந்தக் கத்துத் தரேன்" என்று கார்லா வாக்குக் கொடுத்திருந்தாள்.

ராத்திரி உறைபனி இறங்கும் என்று வானொலி சொன்னது. அக்டோபரின் அந்த ஒரு வெயில் நாளை விடக் கூடாது என்று விடிந்ததும் இறங்கிவிட்டாள். மேப்பிள் இலை ஊறி நாறிய தண்ணீரை வாளி வாளியாக இறைத்தாள். பாசி போக வினிகர் ஊற்றித் தேய்த்தாள். காற்றைப் பிதுக்கி, மூலை முடுக்கெல்லாம் துணியால் ஒற்றி, புல்லில் விரித்தபோது இடுப்பு விட்டுப்போனது. இன்னும் கொஞ்சம் வெயில் குடித்தால் ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவி மடித்துவிடலாம். அதற்குள் ஜூனியைத் தோழி வீட்டிலிருந்து அழைத்து வரப் போனாள்.

திரும்பி வந்தபோது புல்வெளியில் வேட்டின் வண்டி நின்றது. விரித்த நீலக் குளத்தின் நடுவில் ஒரு கொம்பு மான் செத்துக் கிடந்தது.

வில்லால் மான் வேட்டையாட அனுமதிக்கும் பருவம் தொடங்கிய நாள். அம்மா ரூத் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எட்டுக் கிளைக் கொம்பு, பாத்தியா?" என்றான் வேட்.

"அதை எதுக்குடா இது மேல போட்ட?"

"தார்ப்பாய் மாதிரி விரிச்சுக் கெடந்துச்சு. மண்ணு ஒட்டினா கறி வீணாயிடும்ல."

"குளம்டா அது."

"காத்து எறக்கிட்டா தார்ப்பாய்தான்."

அம்மா சிரித்தாள். "விடுடி. குளிர்காலம் பூரா திங்கக் கறி கொண்டாந்திருக்கான். காலேஜ் போய் வந்ததுலேர்ந்து உனக்கு எல்லாமே குத்தம்."

காலையிலிருந்து வாளி தூக்கியவளை ஒருத்தரும் படம் எடுக்கவில்லை. கார்லா கொம்பைப் பிடித்து மானைச் சரளைக்கல் மேல் இழுத்துப் போட்டாள். ரத்தத்துக்கடியில் ஒரு கிழிசல். மானின் காலில் கட்டிய கயிற்றை அங்கேயே வைத்துக் கத்தியால் அறுத்திருக்கிறான்.

"ஒட்டுப் போடுற துண்டு குளம் வந்த பெட்டியில இருக்குல்ல?" என்றாள் ஜூனி மெதுவாக.

பெட்டியில் பசை மட்டும்தான் இருந்தது.

"அது... மீன் பிடிக்கப் போடுற ரப்பர் கால்சட்டை ஒழுகுச்சு. அதுக்கு ஒட்டிட்டேன்" என்றான் வேட், கயிற்று முடிச்சில் மும்முரமாக.

கார்லா கொட்டகைக்குள் போனாள். ஆணியில் தொங்கிய அந்தக் கால்சட்டையின் தொடையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்து வந்தாள்.

"ஏய், அது என்னோடது."

"சும்மா தொங்கிட்டு இருந்துச்சு."

அம்மா எதுவோ சொல்ல வாயெடுத்து, மகளின் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ரத்தத்தைக் கழுவி, துண்டைப் பசைபோட்டு ஒட்டி முடிப்பதற்குள் வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. குளம் மறுபடியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஜூனி, அந்த முனையைப் பிடி. உள்ள சோபா மேல விரிப்போம்."

"இன்னிக்கு டிவியில மேட்ச் இருக்கு" என்றான் வேட்.

"நின்னுக்கிட்டுப் பாரு."