கேசவன் சட்டை கட்டிய சாடி

படாளத்தில் ஆபிரகாமின் தலைக்கு மேலே, இரண்டு முழ உயரத்தில், பழ ஈக்கள் ஒரு குடை அளவுக்கு நிற்கின்றன. அவர் நடந்தால் அவையும் நடக்கும், டீ குடிக்க நின்றால் நிற்கும். இரண்டு வருடமாக இப்படித்தான். அந்தக் குடைக்குக் கீழே வெயில் விழாது. தூறல் மட்டும் கொஞ்சம் விழும்.

விஷயம் தொடங்கியது செங்கல்பட்டில், கேசவன் வீட்டில். கேசவன் அணு ஆராய்ச்சி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆபிரகாமின் மனைவி செல்லம்மாதான் அங்கே சமையல். கரும்பு ஏற்றும்போது ஆபிரகாம் லாரி மேலிருந்து விழுந்து தொடை கிழிந்த அன்று, பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கேட்டார்கள். கேசவன் கையை நீட்டிக்கொண்டு போய்ப் படுத்தார். ஆபிரகாமின் சட்டையைக் கத்தரித்து எறிந்துவிட்டதால், வீட்டுக்குத் திரும்பும் நாளில் தன் சட்டை ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். நீலக் கோடு போட்ட, ஊசி நுழைய இடமில்லாத நெசவு. ஆபிரகாம் அதை அன்று ஒருநாள் மட்டும் போட்டார். பிறகு துவைத்து மடித்து, பைபிளோடு பெட்டியில் வைத்து, தன்னை அடக்கம் பண்ணும்போது இதைத்தான் போட்டுவிட வேண்டும் என்று மகன் ஜெரோமிடம் சொல்லி வைத்தார்.

கேசவன் வீட்டில் கொம்புச்சா போடுவார். சர்க்கரை கலந்த டீயை ஆறவைத்துக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி, ஆப்பம் மாதிரி வழவழவென்று இருக்கும் ஒன்றை மிதக்கவிட்டு, எட்டு நாள் புளிக்கவிட்டுக் குடிப்பார். அந்த ஆப்பத்துக்குத் தாய் என்று பெயர். அவர் இறந்த பிறகும் தாய் சாகவில்லை. அவர் மனைவி லோகநாயகி அதை விடாமல் வளர்த்தார். மகள் பிரதீபாவின் பிரசவத்துக்கு வெளிநாடு போகவேண்டி வந்தபோது, சாடியைச் செல்லம்மாவின் மடியில் வைத்தார். "மூடி போட்டு இறுக்கிடாத செல்லம்மா, அதுக்குக் காத்து வேணும். அவர் கையால வளர்ந்தது. நான் வர்றவரைக்கும் இத மட்டும் பாத்துக்கோ."

ஊறுகாய்ச் சாடிக்கு வேடு கட்டுகிற மாதிரி வாயில் துணி கட்டவேண்டும் என்பது செல்லம்மாவுக்குத் தெரியும். ஆனால் காற்று தாராளமாகப் போகட்டும் என்று பழைய கொசுவலையை வெட்டிக் கட்டினார். கொசு நுழையாத வலைக்கண்ணில் பழ ஈ நுழைந்தது. அது சர்க்கரை ஆலையில் கரும்பு அரவைக் காலம். நாள் முழுக்கக் கரும்பு சுமக்கும் ஆபிரகாம், கழுத்திலும் லுங்கியிலும் சாறு காய்ந்து வருவார். அவர் பின்னாலேயே ஈக்களும் வரும்.

"இன்னாய்யா, ஊரையே கூட்டிகினு வர்ற?" என்றார் செல்லம்மா.

"நானா வெத்தல பாக்கு வெச்சேன்? அதுவா வருது."

"மந்திரி வூட்டுக்குக்கூட இவ்ளோ கூட்டம் வராதுக்கா" என்று பக்கத்து வீட்டுச் சரோஜா வாசலில் நின்று சிரித்தார். ஜெரோம் போனில் பார்த்துவிட்டு, ஈ பிடிக்க ஒரு டம்ளரில் வினிகர் ஊற்றி இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு வைத்தான். அதில் விழுந்த ஈக்கள் மறுநாள் தலை குளித்தவை போலப் பளபளவென்று எழுந்து போயின. ஆபிரகாம் வாசலிலேயே குளித்து, வாசலிலேயே சாப்பிட்டு, வாசலிலேயே படுத்துப் பார்த்தார். அதற்குள் சாடியில் புழு வைத்துவிட்டது.

செல்லம்மா அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். நல்லவேளை, போன வாரம் தாயின் மேலிருந்து உரித்த அப்பளக் கனத்தில் ஏடு ஒன்று தனிப் பாட்டிலில் மூடிக் கிடந்தது. இனி அது ஒன்றுதான். அதிலும் ஈ உட்கார்ந்தால் கேசவன் கையால் வந்தது உலகத்தில் எங்கும் இல்லை. புது டீ போட்டு ஏட்டைச் சாடியில் விட்டபோது, ஆபிரகாம் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து, முதுகுப் பக்கத்தைச் சதுரமாக வெட்டினார்.

"யோவ், அடக்கத்துக்கு இன்னா போடுவ?"

"அப்போ எதுனா ஒரு சட்டை கெடைக்கும். இது செத்துட்டா எங்க போய் வாங்குவ?"

துணியை இரட்டையாக மடித்துச் சாடியின் வாயில் போட்டு, சணலால் மூன்று சுற்று இறுக்கிக் கட்டினார்கள். ஈக்கள் வந்து நீலக் கோடுகளின் மேல் வரிசையாக உட்கார்ந்தன. மூன்று நாள் எதுவும் குடிக்காமல் அப்படியே இருந்தன. நான்காம் நாள் காலை ஆபிரகாம் வேலைக்குக் கிளம்பியபோது எல்லாம் ஒன்றாக எழுந்து, அவர் பின்னால் போய், தலைக்கு மேல் வட்டமாக விரிந்து நின்றன. அதற்குப் பிறகு அவை சாடிப் பக்கம் போகவில்லை. லாரிக்காரர்கள் முதலில் விரட்டிப் பார்த்தார்கள். பங்குனி வெயில் வந்ததும் ஏற்றுகிற நேரத்தில் ஆபிரகாமை ஒட்டி நின்றுகொண்டார்கள். மாதாகோயில் வாசலில் அவை பூவரச மரத்தில் காத்திருந்து, பூசை முடிந்ததும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்த வருடம் சித்திரையில் லோகநாயகி திரும்பி வந்தார். படாளம் பஸ் ஸ்டாப்பில் ஆபிரகாம் நிற்பதைப் பார்த்து, தன் குடையை மடக்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே வீடு வரைக்கும் நடந்தார். சாடியைப் பார்த்ததும் துணியின் மேல் விரலை வைத்து, ஒரு நீலக் கோட்டின் வழியே நகர்த்தினார்.

"இது அவர் சட்டதானே?"

"ஆமாம்மா. அவரே காவலுக்குக் கீறாரு" என்றார் செல்லம்மா.

லோகநாயகி ஒரு டம்ளர் குடித்தார். அதே புளிப்பு என்றார். தாயில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். சட்டையில் மிச்சமிருந்த துணியிலிருந்தும் ஒரு சதுரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது ஆபிரகாமுக்கு ஐம்பத்தெட்டு. பத்து வயதிலிருந்து வெயிலில் நின்ற தலை அது. தினமும் வேலை முடிந்ததும், மென்ற கரும்புச் சக்கையில் ஒரு கைப்பிடியை வேலிக்கல் மேல் வைத்துவிட்டு, மேலே பார்த்து, "வாங்க, சாப்டுட்டுப் போவோம்" என்பார். அவை இறங்கிச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வெயிலில் நிற்பார்.