சுவருக்கு அந்தப் பக்கம்

ஜீவராஜ் மாஸ்டருக்கு டென்மார்க் நாவலாசிரியர் ஒருவர் மேல் தீராத பித்து. அந்தக் காலத்திலேயே தன் தெருவின் ஏழைகளை ஒன்றையும் மறைக்காமல் எழுதிய மனிதராம். கொட்டகலைப் பள்ளியில் என்ன பேச்செடுத்தாலும் மாஸ்டர் அவரிடம்தான் போய் நிற்பார். தானும் தேயிலைத் தோட்டத்து லயத்தை அப்படி எழுத வேண்டும் என்று கிளம்பினார். கிளம்பியதில் தப்பில்லை.

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பரா ஒன்றில்தான் அவர் குடியிருப்பு. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. அங்கே பெருமூச்சு விட்டால் இங்கே கேட்கும். அதனால் லயத்தில் எல்லோரும் ஒன்றைக் கடைப்பிடிப்பார்கள். சுவர் தாண்டி வந்தது காதில் விழுந்தாலும், விழாத மாதிரியே இருந்துவிடுவார்கள். அந்த ஒரு மரியாதையில்தான் அத்தனை குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே மானத்தோடு பிழைக்கிறது.

பக்கத்துக் காம்பரா ராக்காயியின் மகள் சர்மிளா கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தாள். வந்த அன்றே, "அந்த வீட்டு ஐயா கதவத் தட்டிக்கிட்டே இருந்தாரும்மா" என்று தாயிடம் அழுதாள். இந்தப் பக்கம் மாஸ்டருக்கு நெஞ்சு கொதித்தது. பெயரை மாற்றினார், சொன்னதை மாற்றவில்லை. நாவலில் அப்படியே வைத்தார். கொழும்பில் மாலை போட்டுப் பரிசு கொடுத்தார்கள். திம்புள்ளயிலிருந்து சர்மிளாவைப் பெண் கேட்டு வந்தவர்களோ, புத்தகம் படித்த யாரோ சொல்லக் கேட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். அவள் கார்மெண்ட் வேலைக்கென்று மறுபடியும் கொழும்புக்கே பஸ் ஏறினாள்.

ராக்காயி சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் மாஸ்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் பேச்சே நின்றுபோனது. நியாயம் கேட்கத்தானே எழுதினேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார். பாவம், அது பொய்யுமில்லை. ஆனால் கேட்க ஆளில்லை.

அடைமழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. முன்பெல்லாம் ஓர் இருமல் போதும், ராக்காயி கொத்தமல்லி அவித்து எடுத்து வந்துவிடுவாள். நோய் நொடி என்றால் மட்டும் காது கேட்கலாம், அதற்கு லயத்தில் தடையில்லை. இந்த முறை நெஞ்சு வலிக்க இருமிக்கொண்டு கிடந்தார். அந்தப் பக்கம் அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது. அவர் கதவை யாரும் தட்டவில்லை.

எழுந்து நடமாட முடிந்ததும் மலைத்தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனார். ராக்காயி குடத்தோடு நின்றாள்.

"ரொம்ப முடியாமக் கெடந்தேன்க்கா. இருமுனது கேக்கலியா?"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மரியாதை குறையாமல் சொன்னாள்.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் நடக்குறது எதுவும் எங்களுக்குக் கேக்காதுங்க மாஸ்டர்."