ஜன்னல் வைத்த அறை

...ஆச்சாரியிடம் போனால் நட்சத்திரம் கேட்பார், வாசல் எந்தத் திசை என்பார், அதையெல்லாம் சொல்லிவிடலாம், அப்புறம் அந்த ஒரு கேள்வியைக் கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது? உலகநாதன் கொரட்டூர் ஏரிக்கரை மேல் நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றித் தட்டினான், மாட்டினான், மறுபடி கழற்றினான், செருப்பில் மணலே இல்லை. லண்டனில் ராஜாவுக்கு முடிசூட்டாம், ரயில் பட்டறைக்கு லீவு விட்டிருக்கிறார்கள், வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டப் போகிறவன் இந்நேரம் யாரையாவது பார்த்திருக்க வேண்டாமா... இடது பக்கம் இறங்கினால் மனையடி சாஸ்திரம் பார்க்கும் ஜம்புலிங்க ஆச்சாரி, வலது பக்கம் செங்கல் சூளையைத் தாண்டினால் எத்திராஜ் மேஸ்திரி, நேரே போனால் ஊர் நிலக் கணக்கு வைத்திருக்கும் கர்ணம் வீரராகவன். யார் முதலில்? சந்துப் பக்கத்து இரண்டு முழம் நம்முடையதா சர்க்காருடையதா என்று கர்ணத்தைக் கேட்காமல் கட்டினால் நாளைக்கு இடி என்பார், கேட்டாலோ ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. மேஸ்திரி, ஆச்சாரி சொல்லட்டும் என்பான். ஆச்சாரி, மேஸ்திரியை விட்டு அளந்துகொண்டு வா என்பார். நல்ல கூத்துதான் போ! நேற்றிலிருந்து இதையே மென்றுகொண்டிருக்கிறான், வெயில் ஏறுகிறது, ஏரித் தண்ணீர் உள்வாங்கிச் சேறு வெடித்துக் கிடக்கிறது, இவன் மட்டும் நட்டுவைத்த கல்லாக நிற்கிறான்.

பெண்டாட்டி தாட்சாயிணிக்கு மூன்று மாதம். அதுதான் விஷயம், வேறென்ன. ஐப்பசியில் பேறு, அடைமழைக் காலம், அந்தப் பின்கட்டு இருட்டறையில்தான் மறுபடியும் படுக்க வேண்டும், ஓதம் ஏறிய சுவர், ஒரு பக்கம் அடுப்புப் புகை, ஒரு பக்கம் மாட்டு மூத்திரம். முதல் பிள்ளை ஏழு நாள் இருந்தது, இரண்டாவது மூன்றே நாள். பெரம்பூரிலிருந்து வந்து பார்த்த நர்ஸம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள், காத்து இல்ல வெளிச்சம் இல்ல, இதுல மனுஷி பிள்ள பெக்கறதா என்று. தாய்வீடு என்று போக தாட்சாயிணிக்கு யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரி என்றாலே நடுங்குவாள், அவள் அக்கா அங்கே போய்த் திரும்பாதவள். "எனுக்கு நகை வாணாம், பொடவ வாணாம், ஜன்னல் வெச்ச ரூம்பு ஒண்ணு கட்டிக்குடு, இந்த வாட்டி நான் பெத்துக் காட்டறேன்" என்றாள். அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. ஆனால் முழுகாமல் இருப்பவள் வீட்டில் கடைக்கால் தோண்டக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது, ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, இது ஆச்சாரிக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும், ஏரியில் கொக்கு பார்க்கிற குருடனுக்கும் தெரியும். கட்டினால் குத்தம், கட்டாவிட்டால் அந்த இருட்டறை. கேட்டால் கூடாது என்பார்கள், கேட்காமல் செய்து ஏதாவது ஆகிவிட்டால்... சே, வாயைக் கழுவு. யார் முதலில் சரி என்று சொல்கிறார்களோ அவர்கள் தலையில் போட்டுவிடலாம், அப்படித்தானே? யோசனை கேட்கவா கிளம்பினாய், உலகநாதா, பழி சுமக்க ஆள் தேடியல்லவா கிளம்பியிருக்கிறாய்!

அந்த வளையம்... அதை நினைக்காமல் இருக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். போன தடவை ஐந்தாம் மாதம், சந்தோஷம் தாங்காமல், பட்டறையில் தானே காய்ச்சி அடித்த இரும்பு வளையம், தூளி கட்ட, விட்டத்தில் ஏறிச் சுத்தியலால் நாலே அடி. அவள் கீழே நின்று சிரித்தாள், "இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்?" என்றாள். நாலு அடி. பிள்ளை மூன்று நாள். புதைத்துவிட்டு வந்த மறுவாரம் பார்த்தால் அந்த வளையத்தில் உறி தொங்குகிறது, உறியில் மோர்ச்சட்டி. வளையம் தெரியாமல் இருக்கவா மாட்டினாள், தினமும் அவன் பார்க்கட்டும் என்று மாட்டினாளா? இரண்டு வருஷமாக மோர் குடிக்கிறான், கேட்கவில்லை. நர்ஸம்மாவைக் கேட்டால் வளையத்தால் பிள்ளை சாகாது என்பாள். சாகாதுதான், அவனுக்கும் தெரியும், பகலில் தெரியும்.

"இன்னா அண்ணாத்தே, வெயில்ல நின்னுகினு கீற?" எதிரே வந்தவன் எத்திராஜ் மேஸ்திரியேதான், தோளில் மட்டப்பலகை. போச்சுடா, தேடிப் போகாத தெய்வம் எதிரே வந்துவிட்டது. தெற்குப் பக்கம் ஓர் அறை மேஸ்திரி, பெரிய ஜன்னலாக, மழைக்கு முந்தி முடியுமா... சொல்லிவிட்டான், வாய் தானாகவே சொல்லிவிட்டது. எத்திராஜ் தலையை ஆட்டினான், ஆடி பொறக்கறதுக்குள்ள கூரை ஏத்திடலாம் என்றான், பீடியைப் பற்றவைத்தான். அப்புறம் புகை விட்டபடியே, சும்மா, உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல, "ஊட்ல யாரும் முழுகாம இல்லியே?"

"இல்ல" என்றான் உலகநாதன்.

"அப்ப சரி, நாளிக்கு வந்து அளக்கறேன், அண்ணிகிட்ட சொல்லி வையி" என்று எத்திராஜ் மதகுப் பக்கம் நடந்தான். அவ்வளவுதான், முடிந்தது, அறை வந்துவிடும், ஜன்னல் வந்துவிடும், கால் ஏன் நகர மாட்டேன் என்கிறது? நாளைக்கு அவளிடமும் கேட்பானே, அவளும் தன் வாயால் இல்லை என்று சொல்ல வேண்டுமே, வயிற்றில் வைத்துக்கொண்டு... சொல்லுவாள், பிள்ளைக்காகச் சொல்லுவாள், அவளுக்கு அது பொய். எனக்கு? எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல், நாக்கு தடுக்கவில்லை, யோசிக்கக்கூட இல்லை. பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்குமே, பட்டறையில் எல்லோரும் கேலி பண்ணுவார்களே. காதைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது, இந்த வெயிலில். இத்தனை நாளாக அறை, அறை என்று அலைந்தானே தவிர, பிள்ளை என்று ஒரு தரமாவது மனசுக்குள் சொல்லிப் பார்த்தானா? ஆணா பெண்ணா என்று நினைத்தானா? இல்லை என்றுதான் வைத்திருந்தான், இழந்துவிடக் கூடாதென்று முன்னாலேயே இல்லை என்று. பாவி, பாவி! மேஸ்திரி மதகைத் தாண்டிவிட்டான், கூப்பிட்டால் அறை போய்விடும், கூப்பிடாவிட்டால்...

"எத்திராஜு!" மதகை நோக்கி இரண்டு எட்டு ஓடினான். "கீது... ஊட்ல கீது!"

காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. எத்திராஜ் நின்று திரும்பிக் காதில் கையை வைத்தான். "இன்னா கீது அண்ணாத்தே?"