மாடி வீட்டுச் சூடு

அண்ணனும் தம்பியும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். அண்ணன் கீழே, தம்பி மாடியில். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். குளிர் தொடங்கினால் இரண்டு வீட்டிலும் கரண்ட் ஹீட்டர்தான். பெரியவள் வீட்டுக்கு வருகிற பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். சின்னவளுக்கு அதில் பாதிகூட வராது.

“சின்னவ கெட்டிக்காரி. அவளைப் பாத்துக் கத்துக்கோயேன்” என்று புருஷன் சொல்லும்போதெல்லாம் பெரியவளுக்கு வயிறு எரியும். அந்தச் சூட்டுக்கு மட்டும் பில் வரவில்லை.

பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய் நோட்டம் விட்டாள். தடித்த திரைச்சீலை, கதவடியில் சுருட்டிவைத்த பழைய கம்பளி, ஜன்னல் இடுக்கில் ஒட்டிய ஸ்பாஞ்சு. இவ்வளவுதானா என்று இறங்கிவந்து எல்லாவற்றையும் அப்படியே செய்தாள். ஆள் இல்லாத அறைகளில் ஹீட்டரை அணைத்தாள். பில் இறங்கத்தான் செய்தது, சின்னவளை எட்டவில்லை.

மறுபடி மாடி ஏறினாள். செருப்பைக் கழற்றியதும் உள்ளங்காலில் வெதுவெதுப்பு. நின்ற இடம் தன் கூடத்துக்கு நேர் மேலே. சின்னவளின் ஹீட்டரோ அணைந்து கிடந்தது.

‘அடிப்பாவி! எரிக்கிறது நான், குளிர் காயுறது இவ. பேரும் இவளுக்கா?’

இறங்கிய வேகத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டு, இருந்த ஸ்வெட்டரையெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷனுக்குப் பல் தந்தியடித்தது.

“உனக்கென்ன பைத்தியமா?”

“கெட்டிக்காரி ஆகுறேன்.”

மறுநாள் சாயங்காலம் சின்னவள் போர்வையோடு இறங்கிவந்தாள்.

“அக்கா, ஹீட்டர் கெட்டுப்போச்சா? எங்க தரை ஐஸா இருக்கு.”

“என் ஹீட்டர் கெட்டா உனக்கென்ன?”

“என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? உங்க சூட்டுலதானே எங்க வண்டி ஓடுது. அத்தான்கிட்ட அப்பவே சொன்னேனே, என்னைப் புகழாதீங்க, எல்லாம் அக்கா புண்ணியம்னு!”

பெரியவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் டீ டம்ளருக்குள் முகத்தைப் புதைத்தான்.

“தெரிஞ்சுக்கிட்டேதான் குத்திக்காட்டினீங்களா?”

“அப்படியாவது நம்ம வீட்டுலயும் செலவு குறையட்டுமேன்னு...” என்று இழுத்தான்.

சின்னவளைத் திட்டலாமென்றால் அவள் நல்லவளாகவும் போய்விட்டாள். பெரியவளுக்கு அதுதான் ஆறவேயில்லை.

“சாயங்காலம் ரெண்டு வீட்டுக்கும் எதுக்குக்கா ஹீட்டர்? ஒரே இடத்துல உக்காருவோம்” என்றாள் சின்னவள்.

“அப்போ இங்கதான். மேல ஏறுற சூடு உங்க படுக்கைக்கு ஆகும்” என்றாள் பெரியவள் வெடுக்கென்று. பெருந்தன்மையிலாவது அவளை முந்த வேண்டாமா?

“சரி, ராத்திரிச் சமையல் என் பொறுப்பு.”

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு வீட்டுப் பில்லும் இறங்கின. நாலு பேரும் கீழ்க் கூடத்தில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். முதல் நாளே புருஷன் விரலைச் சப்பிக்கொண்டு, “சின்னவ கைப்பக்குவமே தனி” என்றான்.

அவன் கை கழுவப் போன நேரம் பார்த்து, பெரியவள் அவன் நாற்காலியை ஹீட்டர் பக்கத்திலிருந்து இழுத்து வாசலோரம் போட்டாள்.