பின்னால் நடந்து வந்தவன்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் நண்பனின் மானத்தை வாங்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். நாங்கள் இருவரும் கூடாரமும் சாமானும் சுமந்துகொண்டு நான்கு நாள் காட்டுக்குள் நடந்தோம். கடைசி நாள், "ஆமை மாதிரி வந்து எல்லாத்தையும் கெடுத்துட்ட. இனிமே உன்கூட எங்கயும் வரமாட்டேன்" என்று கத்திவிட்டுத் தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டேன். முப்பது வருட நட்பு. இரண்டு மாதமாகப் பேச்சில்லை.

2

முதல் தொடக்கம்: "மலை மௌனமாக எங்களை வரவேற்ற..." (மலைக்கு வேறு வேலையில்லையா? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "லிஃப்ட் மெக்கானிக் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது, நான் டீ போட்டுக் குடித்தே முடித்திருந்தேன்.*"

இது பரவாயில்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். நானோ, போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவன். அப்படியும் நான்தான் எப்போதும் முன்னால். இதைக் கதையில் மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறேன். [நான்காவது இடமும் பார்த்து வைத்திருக்கிறேன்.]

3

என் முதல் வாசகி மனைவி. நான் படிக்கப் படிக்க, காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இந்த மெக்கானிக் பாத்திரம் ஒட்டவே இல்லீங்க."

"அச்சு அசலா அவனேதான்!"

"லிஃப்ட் ஓடாத கட்டடத்துலதான் அவருக்கு வேலையே. டூல்ஸ் பெட்டியத் தூக்கிட்டு தெனம் பத்து மாடி ஏறுறவரு. நீங்க நம்ம ரெண்டாவது மாடிக்கே நடுவுல நின்னு போன் பாக்குற மாதிரி நடிக்கிறீங்க. உங்களுக்குப் பின்னாடி அவரா? யாரு நம்புவா?"

"நடந்ததத்தான எழுதியிருக்கேன்."

"சரி, காலைல பைய யாரு கட்டினா?"

4

மெக்கானிக் பாத்திரத்தைச் சரிசெய்ய (வாதத்தில் ஜெயிக்க என்று படிக்கவும்) ஒரு பட்டியல் போட்டேன். கிளம்பும்போது என் பையில் அடுப்பு, அரிசி, பாத்திரம், கூடாரக் கம்பிகள். தினமும் காலையில் அவன், "நீ போய்ப் பல்லு விளக்கு, நான் கட்டி வைக்கிறேன்" என்பான். முதல் நாள் சாயங்காலம் அடுப்பு அவன் பையிலிருந்து வந்தது. மறுநாள் கம்பிகள். மூன்றாம் நாள் என் பையில் இருந்தது ஒரு துண்டும் ஊதி வைக்கும் தலையணையும்.

பை லேசாக லேசாக, உடம்பு தேறிவிட்டது என்று நான் அவனிடமே பீற்றிக்கொண்டேன். "ஆமாடா, நல்லாத் தேறிட்ட" என்றான் அவன், மூச்சு வாங்கியபடி.

* டீ குடித்தேன் என்று எழுதியது பொய். அடுப்பே என்னிடம் இல்லையே. அவனைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

5

முடிவு ஒன்று: மன்னிப்புக் கடிதம். (எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே மலை வந்துவிட்டது.)

முடிவு இரண்டு: அடுத்த பயணத்தில் அவன் சுமையை நான் திருடிச் சுமப்பேன். (டாக்டர் விடமாட்டார்.)

முடிவு மூன்று: கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒன்றுமே தெரியாத மாதிரி...

முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவனைப் பார்க்க வேண்டும்போலவும் இருக்கிறது. போனைப் போட்டுவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். எனக்குத்தான் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"சொல்லுடா... என்ன, சத்தத்தையே காணோம்? மூச்சு வாங்குதா? எங்க இருக்க? மொதல்ல உக்காருடா."

உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வரியை நீங்கள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம், சாவியை எடுக்கும் சத்தம் கேட்கிறது, கிளம்பியே வந்துவிடுவான்.